பிலடெல்ஃபியாவின் பழைய சர்ச் கல்லறைகள்: ஒரு நாளில் நடந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

பிலடெல்ஃபியாவுக்குப் போகும் நம்மவர்கள் விரிசல் விட்ட சுதந்திர மணியைப் பார்ப்பார்கள், சுதந்திர மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், சாயங்காலமே நியூயார்க்குக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த மண்டபத்தில் முடிவான 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஏழு பேர் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் ஒரே சுற்றுச்சுவருக்குள், மற்ற இருவர் சில தெருக்கள் தள்ளி.

நான் இந்தக் கல்லறைகளைச் சுற்றத் தொடங்கியது பெரிய பெயர்களுக்காகத்தான். சுற்றச் சுற்ற, யாருக்குக் கல் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. கீழே உள்ள பாதையை அந்தக் கேள்வியை மனதில் வைத்தே அமைத்திருக்கிறேன். ஊரிலேயே புகழ்பெற்ற கல்லில் தொடங்கி, ஒரு கல்கூட இல்லாத இடத்தில் முடியும். மொத்தம் நாலைந்து கிலோமீட்டர் நடைதான். ஆனாலும் நின்று படிக்க நேரம் வேண்டும் என்பதால் ஒரு முழுநாளை ஒதுக்குங்கள்.

கிளம்புவதற்கு முன்

ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்ல காலம். கிறைஸ்ட் சர்ச்சின் பெரிய கல்லறைத் தோட்டம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறந்திருக்கும் மாதங்களிலும் மழை கொட்டினால் விடமாட்டார்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு. ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள். இவை எல்லாமே இன்றும் ஆராதனை நடக்கும் சர்ச்சுகள், வழிபாட்டு நேரத்தில் கேமராவோடு உலாவுவது முறையல்ல. மதர் பெத்தேல் சர்ச்சின் அருங்காட்சியகத்துக்கு மட்டும் முன்கூட்டியே போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். கதவு பூட்டியிருந்து திரும்பி வந்தால் இந்த நடையின் பாதி அர்த்தம் போய்விடும்.

கையில் ஒரு சிறு டார்ச், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, நோட்டுப் புத்தகம். கண்ணாடி எதற்கு என்று அடுத்ததில் சொல்கிறேன்.

கல்லைப் படிக்கப் பழகுங்கள்

இந்த ஊரில் நிறையக் கல்லறைகள் பென்சில்வேனியாவிலேயே வெட்டி எடுத்த சலவைக்கல்லால் ஆனவை. சலவைக்கல் மழையில் கரையும். தொழிற்சாலைப் புகை கலந்த மழை என்றால் இன்னும் வேகமாகக் கரையும். இருநூறு வருஷத்தில் எழுத்து மட்டுமல்ல, கல்லின் ஓரமே சர்க்கரைக்கட்டி மாதிரி மழுங்கிப் போயிருக்கும். நேருக்கு நேர் பார்த்தால் எதுவும் தெரியாது. கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, கல்லின் மேல் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எழுந்து வரும். மேகமூட்டமான நாளில் டார்ச் அதே வேலையைச் செய்யும்.

மாவு தூவுவது, சாக்பீஸ் தேய்ப்பது, தாள் வைத்துப் பென்சிலால் உரசுவது, இவை எதையும் செய்யாதீர்கள். கல் ஏற்கெனவே பொடிந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு உரசலும் ஒரு எழுத்தைத் தின்னும்.

எழுத்து மறையப் போகிறது என்பதை ஒருவர் அன்றைக்கே கவனித்தார். கிறைஸ்ட் சர்ச்சின் நிர்வாகிகளில் ஒருவரான எட்வர்ட் கிளார்க், அங்கே இருந்த கல்வெட்டுகளை எல்லாம் படியெடுத்து 1864ல் புத்தகமாக அச்சிட்டார். இன்று வெறும் பலகையாக நிற்கும் பல கல்லறைகளில் யார் இருக்கிறார்கள் என்று தெரிவது அந்த மனிதர் புண்ணியத்தால்தான். கிறைஸ்ட் சர்ச் உட்படப் பல பழைய சபைகளின் பதிவேடுகளை இப்போது இணையத்திலும் பார்க்கலாம். நீங்கள் தேடும் பெயரை முதல் நாள் இரவே பார்த்து எழுதிவைத்துக்கொண்டால் மறுநாள் அலைச்சல் குறையும்.

சில சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. பெண்ணின் கல்லில் 'ரெலிக்ட்' என்றிருந்தால் கணவனுக்குப் பின் விதவையாக வாழ்ந்து இறந்தவர். 'கன்சார்ட்' என்றிருந்தால் கணவன் இருக்கும்போதே போனவர், நம் ஊரில் சுமங்கலி என்பார்களே அது. 1752க்கு முந்தைய கல்லில் 1731/2 என்று இரட்டை வருஷம் இருந்தால் அது பிழை அல்ல. அதுவரை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் வருஷம் மார்ச் 25ல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் நடந்ததை இரண்டு வருஷமும் போட்டு எழுதினார்கள். அப்புறம், பழைய எஸ் எழுத்து பார்ப்பதற்கு எஃப் மாதிரியே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும்.

முதல் நிறுத்தம்: ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் சேரும் மூலை

கிறைஸ்ட் சர்ச்சைச் சுற்றி இடம் பற்றாமல் போனதால் 1719ல் வாங்கிய இரண்டு ஏக்கர் நிலம் இது. சுமார் 4,000 பேர் இங்கே புதைக்கப்பட்டார்கள், மிஞ்சியிருக்கும் கற்கள் சுமார் 1,400. மூலையில் செங்கல் சுவரை இடித்து இரும்புக் கம்பி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். தெருவில் போகிறவர்களும் பார்க்கட்டும் என்று 1858ல் அந்தத் திறப்பை வைத்தார்கள்.

கல்லைப் பார்த்ததும் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். தரையோடு கிடக்கும் ஒரு பலகை, அவர் பெயர், மனைவி டெபோராவின் பெயர், 1790. அவ்வளவுதான். இப்படித்தான் வேண்டும் என்று உயிலில் அவரே எழுதினார்: ஆறடி நீளம், நாலடி அகலம், மேல் விளிம்பில் ஒரு சின்ன வேலைப்பாடு, வேறு எதுவும் கூடாது. வருஷத்தையும் 178 என்று எழுதி, கடைசி இலக்கத்துக்குக் கோடு போட்டு விட்டிருந்தார். 1790 ஏப்ரல் 17ல் 84 வயதில் இறந்ததால் கல்தச்சர் எட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. இளைஞனாக இருந்தபோது, தன் உடலை அட்டை கிழிந்த பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டு வேடிக்கையாக ஒரு கல்லறை வாசகம் எழுதிவைத்தவர் அவர். கடைசியில் அதைக் கேட்கவில்லை.

கல்லின் மேல் ஒரு சென்ட் காசுகளை வீசுவது இங்கே பழக்கம். காசு பட்டுப் பட்டுக் கல்லில் பள்ளம் விழுந்து, விரிசலும் கண்டு, 2017ல் பழுதுபார்த்தார்கள். நீங்கள் வீசாதீர்கள். காசு கொடுக்க ஆசையாக இருந்தால் நுழைவாயில் உண்டியலில் போடுங்கள்.

பலரும் அந்தப் பெரிய பலகையைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதன் பக்கத்தில் உள்ள சின்னக் கல்லைப் பாருங்கள். அது மகன் ஃபிரான்சிஸ் ஃபோல்கர், வீட்டில் கூப்பிட்டது ஃபிராங்கி. 1736ல் பெரியம்மையில் நாலு வயதில் போய்விட்டான். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஆனந்தமாக இருந்தவன் என்று கல்லில் பொறித்தார்கள். பிள்ளைக்கு அம்மை குத்தாமல் விட்டதை நினைத்து வாழ்நாள் முழுக்க வருந்தியதாகத் தன் வரலாற்றில் ஃபிராங்க்ளின் எழுதினார், மற்ற பெற்றோர்களாவது குத்திக்கொள்ளட்டும் என்பதற்காகவே அதை எழுதினார். டெபோரா 1774 டிசம்பரில் இறந்தபோது அவர் லண்டனில் இருந்தார். வீட்டைவிட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இந்தக் குடும்பத்தின் மூன்று பெயர்களையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த வெறும் பலகை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இதே சுவருக்குள் டாக்டர் பெஞ்சமின் ரஷ் இருக்கிறார். பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைக்காமல் நோயாளிகளாக நடத்த வேண்டும் என்று போராடியவர். 1793ல் மஞ்சள் காய்ச்சல் இந்த ஊரைப் பிடித்து உலுக்கியபோது, வசதி உள்ளவர்கள் எல்லாம் ஓடியும் ஓடாமல் நின்று வைத்தியம் பார்த்தார். ஆனால் அவர் வைத்தியம் இரத்தத்தை வடித்து எடுப்பதும் கடும் பேதி கொடுப்பதும்தான், அது பலருக்குக் கேடாகவே முடிந்தது. சுமார் 5,000 பேர் இறந்த அந்தக் காய்ச்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த நடையில் அது இரண்டு முறை திரும்பி வரும்.

ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் அமெரிக்கக் கொடிக்கு வடிவம் கொடுத்தவர், அதற்குக் கூலியாக அரசுக் கிடங்கிலிருந்து கால் பீப்பாய் ஒயின் கேட்டுக் கடிதம் எழுதினார், கிடைக்கவில்லை. ஜார்ஜ் ராஸ், ஜோசப் ஹ்யூஸ் இருவரும் கையெழுத்திட்டவர்கள். கையெழுத்துப் போட மை தொட்ட வெள்ளி மைக்கூட்டைச் செய்த பிலிப் சிங் என்ற தட்டானும் இங்கேதான். அந்தக் கூடு இன்றும் சுதந்திர மண்டபத்தில் இருக்கிறது, காலையில் அதைப் பார்த்துவிட்டு வந்தால் இந்தக் கல்லறை தனியாகப் பேசும்.

ஆர்ச் தெருவிலேயே கிழக்கே நடந்தால் குவேக்கர்களின் கூட்டமனை வரும். ஊரைத் தோற்றுவித்த சமயத்தார் அவர்கள்தான். கல்லறைக்குக் கல் நடுவதே வீண் பகட்டு என்று நினைத்தவர்கள் என்பதால், அந்தக் கட்டடத்தின் கீழும் சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் அடையாளம் இல்லாமல் உறங்குகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் பெட்ஸி ராஸ் வீடு. முதல் கொடியைத் தைத்தவர் என்று சொல்லப்படும் அவரை மூன்று இடங்களில் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1975ல் இந்த வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவர மவுண்ட் மோரையா கல்லறையைத் தோண்டியபோது அவர் கல்லுக்கு அடியில் எலும்பு இல்லை; குடும்ப இடத்தில் வேறோர் பக்கம் கிடைத்ததை அவருடையது என்று எடுத்துவந்தார்கள்.

இரண்டாம் நிறுத்தம்: கிறைஸ்ட் சர்ச்

சபை தொடங்கியது 1695ல். இப்போதுள்ள கட்டடம் 1727ல் ஆரம்பித்து 1744ல் முடிந்தது, கோபுரம் 1754ல். உள்ளே ஞானஸ்நானத் தொட்டியைப் பார்க்காமல் வராதீர்கள். இந்த மாநிலத்துக்குப் பெயர் தந்த வில்லியம் பென்னுக்கு 1644ல் லண்டனில் ஞானஸ்நானம் கொடுத்த அதே தொட்டி இது. தரையில் நடக்கும்போதும் பார்த்து நடங்கள், நடைபாதைக் கற்களே சில இடங்களில் கல்லறைக் கற்கள்.

வெளியே இரண்டு பேரைத் தேடுங்கள். ஒருவர் ராபர்ட் மாரிஸ், புரட்சிப் போருக்குப் பணம் திரட்டிய வணிகர். வாஷிங்டனின் படைக்குச் சம்பளம் கொடுக்கத் தன் சொந்த நாணயத்தின் பேரில் கடன் வாங்கியவர். போருக்குப் பின் நிலத்தை வாங்கி விற்கும் வியாபாரத்தில் மூழ்கி, 1798 முதல் 1801 வரை கடன்காரர் சிறையில் இருந்தார். 1806ல் இறந்தபோது மைத்துனர் பிஷப் ஒயிட்டின் குடும்ப நிலவறையில்தான் இடம் கிடைத்தது. இன்னொருவர் ஜேம்ஸ் வில்சன். பிரகடனம், அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்திட்ட ஆறே பேரில் ஒருவர், முதல் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி. அவரும் நிலத்தில் பணத்தைப் போட்டுத் தோற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து ஊர் ஊராக ஒளிந்து, 1798ல் வட கரோலினாவின் ஈடன்டனில் இறந்தார். உடலை இங்கே கொண்டுவர 1906 வரை ஆயிற்று. ஒரு நாட்டின் பணத்தையும் சட்டத்தையும் கட்டியவர்கள் இருவரும் கடனாளிகளாகப் போனது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

வாஷிங்டனின் படையில் இருந்த ஜெனரல் சார்லஸ் லீயும் இங்கே இருக்கிறார், அவர் விருப்பத்துக்கு நேர் எதிராக. எந்தச் சர்ச்சிலும் சர்ச் வளாகத்திலும் தன்னைப் புதைக்கக் கூடாது, பிரெஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டன்ட் சபைக்கு ஒரு மைல் தூரத்துக்குள்ளும் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். 1782ல் இறந்தவரைத் தூக்கி இங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நிறுத்தம்: செயின்ட் மேரீஸ், நாலாம் தெரு

1763ல் எழுந்த கத்தோலிக்க தேவாலயம். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கக் கடற்படையின் தந்தை என்று பெயர் வாங்கிய ஜான் பாரி, சாசனத்தில் கையெழுத்திட்ட தாமஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ் இருவரும் பின்புறம் உள்ள கல்லறையில். நான் உங்களை நிற்கச் சொல்வது மேத்யூ கேரியின் கல்லுக்கு முன்னால். இவரும் அயர்லாந்துக்காரர், அந்தக் காலத்தின் பெரிய பதிப்பாளர். 1793 காய்ச்சல் முடிந்த கையோடு அதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார், அது பரபரவென்று விற்றது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட கறுப்பின மக்களில் சிலர் அதிகக் கூலி பிடுங்கினார்கள், வீடுகளில் திருடினார்கள் என்று அதில் எழுதினார். இதற்குப் பதில் எழுதியவரைக் கடைசியில் சந்திப்போம்.

நான்காம் நிறுத்தம்: வாஷிங்டன் சதுக்கம்

இது சர்ச் வளாகம் அல்ல, ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றவற்றைப் பார்த்துப் பயனில்லை. இன்று பெஞ்சுகளும் மரங்களுமாக இருக்கும் இந்தப் பூங்கா ஏழைகளையும் அந்நியர்களையும் புதைத்த பொது இடுகாடு. 1777 ஏப்ரலில், பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸ் இங்கே நடந்து பார்த்துவிட்டு மனைவிக்குக் கடிதம் எழுதினார்: அம்மையிலும் முகாம் நோய்களிலும் செத்த போர்வீரர்கள் 2,000க்கு மேல் இங்கே புதைந்திருப்பதாகக் குழிவெட்டி சொன்னானாம், கல்நெஞ்சும் கரையும் காட்சி என்றார். அதே வருஷம் செப்டம்பரில் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்தது. உள்ளே நடத்திவந்தவர் கார்ன்வாலிஸ், பின்னாளில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து திப்பு சுல்தானோடு போரிட்ட அதே கார்ன்வாலிஸ். எதிரே இருந்த வால்நட் தெருச் சிறையில் கைதிகள் பட்டினியில் செத்து இங்கேயே குழிகளில் விழுந்தார்கள். மாரிஸ் அடைபட்ட கடன்காரர் சிறையும் அதே வளாகத்தின் பின்பக்கம்தான்.

1950களில் தோண்டி எடுத்த ஒரு வீரனின் உடலை வைத்து அறியப்படாத போர்வீரன் நினைவிடம் கட்டினார்கள். அவன் எந்தப் படை என்று எலும்பு சொல்லாது, பிரிட்டிஷ்காரனாகவும் இருக்கலாம். விடுமுறை நாட்களில் அடிமைகளும் சுதந்திரக் கறுப்பினத்தவரும் இதே நிலத்தில் கூடி, புதைந்த தம் உறவுகளின் மேல் பாடி ஆடியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டை இந்தப் பெஞ்சுகளில் வைத்துக்கொள்ளலாம், இடம் எதுவென்று தெரிந்தே உட்காருங்கள்.

ஐந்தாம் நிறுத்தம்: பைன் தெருவின் இரண்டு சர்ச்சுகள்

மூன்றாம் தெரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ், 1761ல் திறந்தது. வாஷிங்டனை நேரில் உட்கார வைத்துப் பலமுறை வரைந்த ஓவியர் சார்லஸ் வில்சன் பீல், 1776 ஜூலை 8ல் பிரகடனத்தை முதல்முறையாக மக்கள் முன் உரக்கப் படித்த ஜான் நிக்சன், துப்பாக்கி ஒற்றைச் சண்டையில் இறந்த கடற்படை வீரர் ஸ்டீபன் டிகேட்டர் மூவரையும் பார்க்கலாம். டிகேட்டரின் தூணும் அதன் மேல் கழுகும் தூரத்திலிருந்தே தெரியும். அரசோடு பேச்சுவார்த்தைக்காகப் பல நூறு மைல் பயணம் செய்து வந்து, 1793ல் அம்மையில் இறந்த பூர்வகுடித் தலைவர்கள் பலரும் இங்கேதான். தூணைத் தேடி வருகிறவர்கள் இவர்களைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

ஒரு தெரு தள்ளி நாலாம் தெருவில் ஓல்ட் பைன், 1768ல் கட்டிய பிரெஸ்பிட்டேரியன் சர்ச். பிரிட்டிஷ் படை இதை முதலில் மருத்துவமனையாக்கி, பெஞ்சுகளை விறகாக எரித்து, பிறகு குதிரை லாயமாக்கியது. இறந்த ஜெர்மானியக் கூலிப்படையினர் சுமார் 100 பேர் இதே வளாகத்தில் புதைந்திருக்கிறார்கள், அவர்கள் யாரை எதிர்த்துச் சண்டை போட்டார்களோ அந்தச் சபையாரின் பக்கத்திலேயே.

இங்கே டேவிட் ரிட்டன்ஹவுஸை நினைத்து நில்லுங்கள். அவர் உடலைப் பிற்காலத்தில் லாரல் ஹில் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள். கடிகாரம் செய்து பழகி வானியலாளர் ஆனவர், அமெரிக்க நாணயச் சாலையின் முதல் இயக்குநர். 1769 ஜூன் 3ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைத் தன் பண்ணையில் தானே செய்த கருவிகளால் பார்த்து அளந்தார். பரவசத்தில் சில நிமிடம் மயங்கிப் போனார் என்பார்கள். அதே நிகழ்வுக்காக நம் புதுச்சேரியில் காத்திருந்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி. 1761ல் வந்தபோது ஊரைப் பிரிட்டிஷார் பிடித்திருந்ததால் கப்பலிலேயே தவறவிட்டு, அடுத்ததற்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே தங்கி, புதுச்சேரியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. ரிட்டன்ஹவுஸை நினைத்து இங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புதுச்சேரிக் காலைதான் ஞாபகம் வருகிறது.

ஆறாம் நிறுத்தம்: மதர் பெத்தேல், பிறகு வெக்காக்கோ

ஆறாம் தெருவும் லம்பார்ட் தெருவும் சேரும் இடம். அடிமையாகப் பிறந்து, உழைத்துத் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கிய ரிச்சர்ட் ஆலன் 1794ல் இங்கே சபையைத் தொடங்கினார். கட்டடம் பிற்காலத்தது, நிலம் அன்றிலிருந்து இவர்களுடையது. கீழ்த்தளத்தில் ஆலனும் மனைவி சாராவும் அடக்கமாகியிருக்கிறார்கள். மேத்யூ கேரிக்குப் பதில் எழுதியவர் இவரும் நண்பர் அப்சலோம் ஜோன்ஸும்தான். கறுப்பினத்தவரைக் காய்ச்சல் தொடாது என்று நம்பி டாக்டர் ரஷ் உதவி கேட்டார். இவர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். ரஷ் நினைத்தது தவறு, 200க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அந்தக் காய்ச்சலில் இறந்தார்கள். இதை எல்லாம் கணக்கு வழக்கோடு 1794ல் அச்சிட்டு, பழி சொன்ன கேரி தாமே ஆபத்து நேரத்தில் ஊரைவிட்டுப் போனவர் என்பதையும் எழுதினார்கள்.

அங்கிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் குவீன் தெருவில் வெக்காக்கோ விளையாட்டுத் திடல். மதர் பெத்தேல் சபை 1810ல் வாங்கி 1864 வரை தன் மக்களைப் புதைத்த நிலம் இது. நகரத்தின் இடுகாடுகளில் கறுப்பினத்தவருக்கு மரியாதையான இடம் கிடைக்காததால் வாங்கியது. பிறகு நகராட்சி கைக்குப் போய்த் தோட்டமாகி, திடலாகிவிட்டது. ஊஞ்சலுக்கும் மரங்களுக்கும் கீழே 5,000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். நடந்து பார்க்க ஒரு கல்லும் நிற்கவில்லை. பெயர்கள் பழைய மரணப் பதிவேடுகளிலிருந்துதான் கிடைத்தன. அவர்களில் இக்னேஷியஸ் பெக் என்பவர், வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடம் எழும்பியபோது அடிமையாக அங்கே வேலை செய்தவர். அவரைத் தேடி வருகிறவர்களுக்கு வழி இதுதான்: கேதரின் தெருவுக்கும் குவீன் தெருவுக்கும் நடுவே, லாரன்ஸ் தெருவை ஒட்டிய கதவு.